சென்சாரை மாற்றாமலே அணைந்த என்ஜின் விளக்கு

பத்து ஆண்டுகளைக் கடந்த என் பெட்ரோல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தபோது, முதலில் பார்த்த பட்டறையில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், நண்பர் சொன்ன வேறொரு சிறிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றேன்.

அங்கிருந்த மெக்கானிக் ஸ்கேனரில் பி0135 என்ற குறியீட்டைக் கண்டதும், அது சுட்டுவது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றை மட்டுமே என்றும், அதனால் சென்சாரே பழுது என்று முடிவுகட்ட முடியாது என்றும் விளக்கினார். மல்டிமீட்டரில் ஹீட்டரின் மின்தடை சரியாகவே இருந்தது. சூடான புகைக்குழாயில் உரசி உருகிய ஒயர்தான் அறுந்திருந்தது. அதைச் சரிசெய்தபின் என்ஜினைச் சூடாக்கி, முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விரைந்து ஏறி இறங்குவதையும், பின் சென்சாரின் மின்னழுத்தம் பெரிதாக மாறாமல் நிற்பதையும் திரையில் காட்டி, இரண்டும் சரியாக வேலை செய்வதன் அடையாளம் இது என்றார். புகைக்குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும் என்பதால், குழாய் இணைப்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் பார்த்துவிட்டார்.

காத்திருக்க நிழலான இடம் இல்லை, ரசீதும் கேட்ட பிறகே கிடைத்தது. ஆயினும் பழைய வண்டிக்கு இனி அங்குதான் செல்வேன்.