வேப்பெண்ணெயா, வேப்பங்கொட்டையா: மதுரை மாடித்தோட்டத்துக்கு எது சரி?

மாடியில் கத்தரி, வெண்டை, மிளகாய் வளர்ப்பவர்களிடம் பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல், கடையில் வாங்கும் வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த கரைசல். மூன்றையும் அடித்துப் பார்த்த பிறகு நான் கொட்டைக் கரைசலுக்கு வந்துவிட்டேன். மற்ற இரண்டும் வேலை செய்யாது என்பதில்லை. நம்ம ஊர் வெயிலுக்கும் மொட்டை மாடிக்கும் எது ஒத்துவருகிறது என்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இஞ்சி பூண்டு கரைசலின் பலம் அதன் நெடி. நெடி இருக்கும்வரை பூச்சி அண்டாது, போனதும் வந்துவிடும். கொழுந்தில் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) அப்போதுதான் ஏறுகிறது, கையில் வேறு எதுவும் இல்லை என்றால் அடிக்கலாம். பூண்டு விலை ஏறும்போது அதுவும் கட்டுப்படியாகாது.

உண்மையான போட்டி எண்ணெய்க்கும் கொட்டைக்கும்தான். எண்ணெயில் வசதி அதிகம். பாட்டிலாக வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், வேண்டும்போது லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் போதும். ஆனால் எண்ணெய் தண்ணீரோடு தானாகச் சேராது. முதலில் காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டு வெள்ளையாகும்வரை அடித்துக் கலக்கி, அதன்பிறகுதான் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். அப்படிக் கலந்தாலும் தெளிப்பானை அடிக்கடி குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் எண்ணெய் மேலே மிதந்து ஒரு செடிக்கு வெறும் தண்ணீர், இன்னொரு செடிக்குக் கெட்டி எண்ணெய் என்று போய்விடும். கெட்டியாக விழுந்த இடத்தில் இலையின் மூச்சுத்துளைகள் அடைபடும். மறுநாள் வெயில் ஏறும்போது அந்த இடம் பழுப்பாகத் தீய்ந்துவிடும். மதுரையில் மாசி கடைசியிலிருந்தே வெயில் சுடுகிறது. அதிலும் தட்டோடு என்னும் தட்டையான சுட்ட மண் ஓடு பதித்த மாடி பொழுது சாய்ந்த பிறகும் அனல் கக்கும். தரையில் நிற்கும் செடி தாங்குகிற எண்ணெயை மாடித் தொட்டிச் செடி தாங்குவதில்லை. மிளகாய்க் கொழுந்தும் வெண்டை நாற்றும்தான் முதலில் சுருளும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கொட்டைக் கரைசலில் இந்தத் தொல்லை கிடையாது, சாறு தண்ணீரிலேயே இறங்கிவிடும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம், தண்ணீர் 1 லிட்டர். வேளாண் துறையினர் சொல்லும் 5 சதவீதக் கரைசல் இதுதான். பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தண்ணீரில் போட வேண்டும். இரவு முழுக்க ஊற வேண்டும் என்பார்கள். நான் விடியற்காலையில் போட்டுப் பொழுது சாயும்போது எடுத்துவிடுகிறேன். முடிச்சைப் பிழியப் பிழியத் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். வெளுப்பு நிற்கும்வரை பிழிந்து, வடிகட்டி, இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி உடனே அடித்துவிட வேண்டும். பூச்சியைத் தடுக்கும் பொருளாகக் கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் வெயில் பட்டால் சிதைந்துவிடும், அதனால் காலையில் அடிப்பது வீண். கரைசலை எடுத்துவைக்கவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக இடிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பயந்துதான் பலர் எண்ணெய்க்குப் போகிறார்கள்.

அடித்ததும் புழு செத்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது இலையிலேயே இருக்கும், ஆனால் தின்னாது, தோலுரித்து வளரவும் முடியாது. பழைய இலையின் ஓட்டை அப்படியே இருக்கும். புதுக் கொழுந்து கடிபடாமல் விரிகிறதா என்று பார்த்தால் பலன் தெரியும்.

மாவுப்பூச்சிக்கு மட்டும் எண்ணெய்தான் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். அதன் மேல் இருக்கும் மெழுகில் தண்ணீர் ஒட்டாது, சோப்பும் எண்ணெயும் ஒட்டும். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, பூச்சி இருக்கும் கணுவில் மட்டும் எண்ணெய்க் கரைசலைத் தடவினால் இலை பிழைக்கும். எறும்பு வரிசையையும் தடுக்க வேண்டும், இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியை அதுதான் காவல் காக்கிறது.

கத்தரித் தண்டுக்குள் போன புழுவுக்கு இரண்டுமே எட்டாது. வாடித் தொங்கும் நுனியைத் துளைக்குக் கீழே வெட்டி அழிக்க வேண்டியதுதான். வெண்டையில் நரம்பு மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். செடியைப் பிடுங்கிவிட்டு, மிச்சச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம். பாகல், புடலை மாதிரிக் கொடிகளில் நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் மேலே சொன்னதைக் கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை அடித்தாலும் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் முதலைக்குட்டி மாதிரி கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு ஊர்ந்தால் அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. அந்தச் செடியை விட்டுவிடலாம்.

கொட்டைக்குக் காசு தேவையில்லை. ஆனி, ஆடியில் அழகர்கோவில் பக்கமோ மேலூர் பக்கமோ போனால் மரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து கிடக்கும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகும் சணல் சாக்கில் கட்டிவைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அப்படிப்பட்ட கொட்டை உதவாது. மூன்று மாதமாவது ஆறிய கொட்டைதான் நல்லது, எட்டு மாதத்துக்கு மேல் வீரியம் குறையும். அந்தக் கணக்கில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை தாராளமாக வரும். சித்திரை, வைகாசியில் நான் இரண்டையும் அடிப்பதில்லை. விடியற்காலையில் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதோடு சரி.