வான் சாகசம் காண வாங்கிய பைனாகுலர்

நாகர்கோவில் வடசேரிக் கடையொன்றில் வாங்கிய 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலரை, 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கென்றே ரயிலில் எடுத்துச் சென்றேன். 10 மடங்கு பெருக்கும் கருவியையே கடைக்காரர் வற்புறுத்தினார். ஆனால் பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதால், நொடியில் கடந்துவிடும் ஜெட் விமானங்களுக்கு 8 மடங்கே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

சென்னைக்குக் கிளம்புமுன், நாகர்கோவில் அருகே சங்குத்துறைக் கடற்கரையில் வட்டமிடும் செம்பருந்துகளைப் பின்தொடர்ந்து பழகினேன். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. 1996-இல் கிரண் விமானங்களுடன் தொடங்கி, இன்று சிவப்பும் வெள்ளையும் பூசிய ஹாக் விமானங்களில் பறக்கும் விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரண் அணி வளைந்து திரும்பியபோது, ஓரத்து விமானம் ஒன்று மயிரிழை அளவு ஏறி இறங்கித் தன் இடத்தைச் சரிசெய்துகொண்டதைத் தெளிவாகக் கண்டேன். வெறுங்கண்ணுக்கு அது ஒருபோதும் தெரிந்திருக்காது. சூலூர் விமானப்படைத் தளத்தின் சாரங் அணியின் ஹெலிகாப்டர்களில் தீட்டிய மயிலின் தோகையும் பளிச்சென்று தெரிந்தது.

கழுத்துப் பட்டை மட்டும் மெலிது. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டதில் தோலை அறுத்துவிட்டது. அகலமான பட்டையாக உடனே மாற்றிக்கொள்ளுங்கள். விமானம் சூரியனை நெருங்கும்போது, எவ்வளவு ஆவலாக இருந்தாலும், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள்.