லினக்ஸில் பிரிண்டர்: டிரைவர் கேட்பதா, கேட்காததா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் லினக்ஸுக்கு பிரிண்டர் தேடினால் கடைசியில் இரண்டு ரகத்தில் வந்து நிற்கும். ஒன்று, செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 மாதிரி டிரைவர் (பிரிண்டரை இயக்கும் தனி மென்பொருள்) கேட்கும் பழைய லேசர். மற்றது, பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கும், டிரைவர் கேட்காத மல்டிஃபங்ஷன் (அச்சும் ஸ்கேனும் சேர்ந்தது). விலையில் பழையதுதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே. காரணம், வாங்கிய பிறகு இழுக்கும் வேலை.

1020-க்குள் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) தங்காது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஏற்றிவிட வேண்டும். ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளான ஹெச்பிலிப் வழியாகப் போனால் அதற்குத் தனி பிளக்இன் உண்டு. இரண்டின் பதிப்பு எண்ணும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு ஏற்றுகிறீர்கள், ஹெச்பிலிப் மாறிவிடும், பிளக்இன் பழையதாகவே கிடக்கும். அச்சு வரிசையில் வேலை நிற்கும், தாள் அசையாது. ஹெச்பி-பிளக்இன் கட்டளையை மறுபடி ஓட்டினால்தான் விடிவு. எல்பிபி 2900 இன்னும் வம்பு: 64 பிட் கணினியிலும் அதன் டிரைவர் 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும்.

டிரைவர் கேட்காத ரகத்தில் அச்சுக்கு லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ், ஸ்கேனுக்கு அதன் ஸ்கேன் மென்பொருளான சேனோடு சேரும் சேன்-ஏர்ஸ்கேன். கேபிளில் செருகினால் ஐபிபி-யூஎஸ்பி என்ற மென்பொருள் பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டராகவே காட்டிவிடும். வாங்கும் முன் லேப்டாப்போடு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கேபிளைச் செருகி, எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் விரிவான பட்டியலில் கிளாஸ் 7, சப்கிளாஸ் 1, புரோட்டோகால் 4 இருக்கிறதா பாருங்கள். புரோட்டோகால் 1, 2 மட்டும் என்றால் கேபிளில் டிரைவர் இல்லாமல் நடக்காது.

இதிலும் தொல்லை உண்டு. பிஜி வைஃபையில் கிளையண்ட் ஐசொலேஷன் (ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்கவிடாத அமைப்பு) போட்டிருந்தால் பிரிண்டர் கண்ணிலேயே படாது. பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் யூடிபி 5353 போர்ட்டை ஃபயர்வால் அடைத்தாலும் அப்படியே. ஒரே ஸ்கேனர் இரண்டு தடவை தெரிந்தால் சேனின் டிஎல்எல் கான்ஃப் கோப்பில் எஸ்கிஎல் வரியின் முன் ஒரு ஹேஷ் போடுங்கள். முன்பு ஹெச்பிலிப்பில் சேர்த்த அச்சு வரிசை இருந்தால் நீக்கிவிடுங்கள்: ஐபிபி-யூஎஸ்பி சாதனத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது அந்த வரிசை வேலை செய்யாது. கணினியின் லொக்கேல் (மொழி, நாடு அமைப்பு) அமெரிக்க ஆங்கிலம் என்றால் தாள் அளவு லெட்டர் என்று உட்கார்ந்திருக்கும். டிரேயில் ஏ4 நிறைய இருந்தும் பிரிண்டர் தாள் கேட்டு விளக்கைச் சிமிட்டும்.

ஏடிஎஃப்பில் (தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் தட்டில்) இரு பக்க ஸ்கேன் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். அது வேண்டுமென்றால் காசு கொடுக்கும் முன் நாலு தாளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.