இரண்டுக்கும் ஒரே 'யூ'

"பிரெஞ்சு சீரியல் பார்க்க ஆசை, ஓடிடி சந்தா கட்டலாமா?" என்று நண்பர் போன வாரம் கேட்டார். ஆறு வருடமாகக் கட்டுகிறேன். "வேண்டாம் சார்" என்றேன்.

கதைகளில் குறையில்லை. 'லெ புயூரோ தெ லெஜாந்த்' உளவாளிகள் கதை, ஐந்து சீசன், ஐம்பது எபிசோட். துப்பாக்கிச் சத்தத்தைவிட ஃபைல் புரட்டும் சத்தம் அதிகம், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. உளவாளிகளுக்கு வைக்கும் ரகசியப் பெயர்கள் டின்டின் காமிக்ஸ் கதையில் கேப்டன் ஹேடாக் திட்டும் வசவுகள். நாயகன் பெயர் 'மாலோத்ரூ', அதாவது முரடன். சப்டைட்டிலில் அது வெறும் பெயராக ஓடிவிடும், சிரிப்பு நம் கைக்கு வராது.

நகைச்சுவைக்கு 'தீ பூர் சான்'. நடிகர்களுக்கு வாய்ப்பு பிடித்துத் தரும் ஏஜென்ட்களின் கதை. தலைப்பு அவர்கள் வாங்கும் பத்து சதவீதக் கமிஷன். நிஜ நட்சத்திரங்களே வந்து தங்களைக் கேலி செய்துகொள்கிறார்கள். அதில் மூத்த ஏஜென்ட் ஆர்லெத்தின் நாய்க்குப் பெயர் ஜான் காபேன், அந்தக் காலத்துப் பெரிய ஹீரோ. (நம்மூரில் வைத்துப் பாருங்கள், தெரியும்.)

என் கோபம் முழுவதும் சப்டைட்டில் மேல்தான். பிரெஞ்சில் 'நீ' என்றால் 'தூ', 'நீங்கள்' என்றால் 'வூ'. ('தூ' நம் காதுக்குத் துப்புகிற மாதிரி இருக்கும், பழகிவிடும்.) மாமனாரை ஒருமையில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கில வரியில் இரண்டுக்கும் ஒரே 'யூ'.

ஒரு அலுவலகக் கதை. அதில் வேலை பார்க்கும் இருவர் முதல் எபிசோடிலிருந்தே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், ஆனால் மரியாதையாக 'வூ'. நாலாவது எபிசோடில் ஒருவர் தயங்கித் தயங்கி, இனி 'தூ' என்றே பேசலாமா என்கிறார். கீழே ஓடிய வரி: என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடப்பாவி, இத்தனை நாள் வேறு எப்படிக் கூப்பிட்டார்?

சேவை மையத்துக்கு எழுதினேன். இன்டர்நெட் வேகத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள்.

காது கேளாதவர்களுக்கான பிரெஞ்சு சப்டைட்டில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்வேன், 'தூ'வும் 'வூ'வும் கண்ணில் படும். அரட்டை நிகழ்ச்சிகளில் அதுவும் உதவாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எழுத்து மூச்சு வாங்கிப் பின்னால் வரும். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் 'தூ லெ மோந்த் ஆன் பார்ல்' அரட்டை நிகழ்ச்சி இன்னும் கஷ்டம். கியூபெக் படங்களுக்குப் பிரான்சிலேயே பிரெஞ்சு சப்டைட்டில் போடுவதுண்டு, அப்புறம் நான் எம்மாத்திரம்? ஆர்தர் அரசன் கதையைக் கேலி செய்யும் 'காமெலோட்' தொடரில் வரும் பெர்சவால் ஒரு வார்த்தை புரியாவிட்டால் "அதுவும் தப்பில்லை" என்று தலையாட்டுவான். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இந்த மாதம் சந்தா விலையை வேறு ஏற்றிவிட்டார்கள். 17ஆம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. அதற்குள் மாலோத்ரூவின் கடைசி சீசனில் ஆறு எபிசோட் பார்த்தாக வேண்டும். இரண்டாவது முறை.