மஸ்டா, ஹேவ் டுவா?

மதுரை சிம்மக்கல் பக்கம் மாலையில் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஜவுளிக்கடை வேலை முடித்து வருகிற பிள்ளைகள்தான் அதிகம். வாரம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், ரெண்டுக்கும் 'வேண்டும்'தானே அர்த்தம்? எதைப் போடுறது?"

கட்டாயம் யாருடையது?
மஸ்ட்: பெரும்பாலும் பேசுகிறவருடையது. "யூ மஸ்ட் ட்ரை ஜிகர்தண்டா" என்றால் அது என் வற்புறுத்தல்.
ஹேவ் டு: வெளியிலிருந்து வருவது. 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. "யூ ஹேவ் டு லீவ் யுவர் ஃபோன் அவுட்சைட்." விதி நான் போட்டதில்லை.

நேற்றைய கட்டாயம்?
மஸ்ட்: கைவிரித்துவிடும்.
ஹேவ் டு: "ஹேட் டு" ஆகிவிடும்.

எதிர்மறை? வில்லங்கமே இங்கேதான்.
மஸ்ட் நாட்: கூடாது.
டோன்ட் ஹேவ் டு: தேவையில்லை.
செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியிடம், "காசு வேண்டாம்மா" என்று சொல்ல நினைத்து, "யூ மஸ்ட் நாட் பே" என்றானாம் நம்ம பையன். அந்தம்மா ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி முழித்து, பர்ஸை வெடுக்கென்று மூடிவிட்டார்.

ஊகம்?
"ஹி மஸ்ட் பி டயர்ட்": களைத்துத்தான் இருப்பார். இது மஸ்டின் கோட்டை. ஹேவ் டு எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும்.

பேச்சில் தடுமாறுகிறவர்கள் ஹேவ் டுவையே பிடித்துக்கொள்ளுங்கள், எந்தக் காலத்துக்கும் வளைந்து கொடுக்கும். அறிவிப்புப் பலகைக்கும் ஊகத்துக்கும் மஸ்ட். அப்புறம், "கண்டிப்பா வீட்டுக்கு வரணும்" என்கிற நம்மூர் அழைப்புக்கும் அதுதான்: "யூ மஸ்ட் விசிட் அஸ்!"