பதினாலு படம் ஐந்தான கதை: மூன்று வருட உபயோகத்தில் பவர் பிஐ

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் எனக்கு வேலை. காலை 8 மணிக் கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை பாக்கி?" மூன்று வருடங்களுக்கு முன்பு வரை அந்த ஒரு பதிலுக்காக 7 மணிக்கே வந்து நான்கு எக்செல் ஷீட்டுகளை ஒன்றாக ஒட்டிக்கொண்டிருப்பேன். இப்போது அது, டேட்டாவை வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ என்ற மென்பொருளின் திரையில் தயாராக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இதை 2015 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. எங்களிடம் வந்து சேர்ந்தது வெகு தாமதமாகத்தான். இதில் வரைபடம் அமைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதும் விமர்சனம் நிறைய உண்டு. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த டாஷ்போர்டில், அதாவது எண்களை ஒரே பார்வையில் காட்டும் திரையில், 14 வரைபடங்கள் இருந்தன. இரண்டு டோனட் (வளைய வடிவப் படம்), ஒரு மேப், வேகமானி மாதிரி முள் வைத்த படம் ஒன்று, மிச்சம் என்னென்னவோ. இழுத்துப் போட்டால் படம் வந்துவிடுவதுதான் இந்த மென்பொருளின் பெரிய வசதி, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இரண்டே வாரத்தில் கூட்டத்தில் எல்லாரும் மேல் மூலையில் இருக்கும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம்தான் ஒவ்வொரு படத்தையும் வைத்து ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: இதைப் பார்த்துவிட்டு இன்று யாராவது ஏதாவது வேலையை மாற்றிச் செய்வார்களா? இல்லை என்றால் எடுத்துவிட்டேன். ஐந்து மிஞ்சின.

முதலில் போனது வேகமானி. அது ஒரு புகாரை முடிக்க ஆகும் சராசரி நாளைக் காட்டியது. ஒரு வாரம் அதில் முள் 4 நாளில் நின்றது, எங்கள் இலக்குக்குள்தான். விவரத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வாரம் முடிந்தவை 40 புகார்கள். 36 ஒரே நாளில் முடிந்தவை. மீதி நாலும் தலைக்கு 31 நாள் இழுத்தவை. கூட்டி வகுத்தால் சரியாக 4 நாள். ஆனால் நாலு நாளில் முடிந்த புகார் என்று அதில் ஒன்றுகூட இல்லை! 31 நாள் காத்திருந்த அந்த நாலு பேரை பச்சை முள் மறைத்துவிட்டது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த இடத்தில் இப்போது சாதாரணக் கிடைமட்டப் பட்டை வரைபடம் இருக்கிறது. பாக்கி இருக்கும் புகார்களின் வயது: 0-2 நாள், 3-7, 8-15, 16க்கு மேல். கடைசிப் பட்டை மட்டும் அடர் நிறம், மற்றவை சாம்பல். டோனட்டையும் இதனால்தான் விட்டேன். ஒரே அடிக்கோட்டிலிருந்து நீளும் பட்டைகளை ஒப்பிடுவது கோணங்களை ஒப்பிடுவதைவிடக் கண்ணுக்குத் துல்லியமாக வரும் என்று கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் 1984இலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் அதைக் கண்கூடாகப் பார்த்தேன். பட்டை நீண்டிருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை, "அது யாரிடம் இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தப் பட்டை எளிதாக வந்துவிடவில்லை. வயதுப் பிரிவின் பெயர்கள் மென்பொருளுக்கு வெறும் எழுத்து, எனவே 0-2க்கு அடுத்து 16 வந்து நின்றது, 3-7 அதற்குக் கீழே. மாதப் பெயர்களைத் தமிழில் வைத்தபோதும் இதேதான், அகர வரிசைப்படி அக்டோபரும் ஆகஸ்டும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. பக்கத்தில் 1, 2, 3 என்று ஒரு வரிசை எண் நெடுவரிசை (column) சேர்த்து, 'சார்ட் பை காலம்' (Sort by column) என்ற இடத்தில் அதைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு நாள் போகும், எனக்குப் போனது.

அடுத்தது தேதி. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புகாரின் வயதை, பவர் பிஐயின் ஃபார்முலா மொழியான டாக்ஸில், இன்றைய தேதியைத் தரும் 'டுடே' என்ற ஃபங்ஷனை வைத்துக் கணக்கிட்டு ஒரு நெடுவரிசையாக வைத்திருந்தேன். என் கணினியில், ரிப்போர்ட் உருவாக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பில், சரியாக வரும். இணையத்தில் ஏற்றிய பிறகு காலையில் எல்லாப் புகாரும் ஒரு நாள் இளமையாகத் தெரியும், 9 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். இணையத்தில் அந்த ஃபங்ஷன் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படிதான் தேதி தரும், அதை அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் முதல் ரிஃப்ரெஷ், அதாவது புது டேட்டாவை ஏற்றிக்கொள்வது, அதிகாலை 4 மணிக்கு. நமக்கு விடிந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் யூடிசியில் இன்னும் நேற்று. கணக்கிட்ட நெடுவரிசை ரிஃப்ரெஷ் நேரத்தில் உறைந்துவிடும், அடுத்த ரிஃப்ரெஷ் வரை மாறாது. ஆக, 8 மணிக் கூட்டம் நேற்றைய வயதைப் பார்த்துக்கொண்டிருந்தது. யூடிசியோடு நம் நேர வித்தியாசத்தைக் கூட்டி ஃபார்முலாவை மாற்றினேன். காலையில் மட்டும் எண் தப்பாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் இங்கே பாருங்கள்.

எங்களுக்குள் சண்டையே வந்தது ஃபில்டரால். ஒரு நாள் கூட்டத்தில் பக்கத்தில் இருந்த தம்பி, "அக்கா, எனக்கு 6தான் காட்டுது, உங்களுக்கு எப்படி 11?" என்றான். ஒரே ரிப்போர்ட், ஒரே நேரம். முந்தின நாள் அவன் ஸ்லைசரில் (திரையிலேயே இருக்கும் ஃபில்டர் பெட்டி) ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறான். ஒவ்வொருவரும் கடைசியாக வைத்த ஃபில்டரை பவர் பிஐ அவரவருக்கு நினைவில் வைத்திருக்கும். தனியாக வேலை செய்யும்போது இது வரம்தான், பொதுக் கூட்டத்தில் குழப்பம். ரிப்போர்ட் செட்டிங்கில் இதை அணைக்கலாம், அணைத்துவிட்டேன். கூடவே பக்கத்தின் தலையில் இரண்டு சின்னப் பெட்டி: கடைசியாக ரிஃப்ரெஷ் ஆன நேரம் ஒன்று, எந்த ஃபில்டர் ஓடுகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாத டாஷ்போர்டை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த வசதி 'பர்சனலைஸ் விஷுவல்'. பலருக்கு அது இருப்பதே தெரியாது, ஏனென்றால் ரிப்போர்ட் செய்தவர் செட்டிங்கில் அனுமதித்தால்தான் தெரியும். அனுமதித்துவிட்டால், பார்க்கிறவரே படத்தின் வகையை மாற்றலாம், புகார் வகைக்குப் பதில் பொறுப்பாளர் பெயரைப் போடலாம், அதைத் தன் புக்மார்க்காகச் சேமிக்கலாம். மூலப் படம் அப்படியே இருக்கும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவருக்குப் படமே பிடிக்காது, அட்டவணைதான் வேண்டும். அவருக்காக முன்பு தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன். இப்போது அவரே பட்டையை அட்டவணையாக மாற்றி வைத்துக்கொள்கிறார். தனிப் பக்கத்தை அழித்துவிட்டேன்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் டாஷ்போர்டு என்று சொல்வதை பவர் பிஐ பெரும்பாலும் ரிப்போர்ட் என்கிறது. அதன் கணக்கில் டாஷ்போர்டு என்பது ரிப்போர்ட்டுகளிலிருந்து படங்களைப் பின் குத்தி ஒட்டிய ஒற்றைப் பக்கம். அங்கே ஸ்லைசர் வேலை செய்யாது. பின் செய்த பிறகு ரிப்போர்ட்டில் படத்தின் வகையை மாற்றினாலும் இங்கே பழைய படமே இருக்கும், எண் மட்டும் புதுப்பிக்கப்படும். நான் அதை எச்சரிக்கைக்காக மட்டும் வைத்திருக்கிறேன். 16 நாளைத் தாண்டிய புகார்களின் எண்ணை ஒரு கார்டாக (ஒற்றை எண் மட்டும் காட்டும் பெட்டி) பின் செய்து, 5ஐத் தாண்டினால் எனக்குத் தகவல் வரும்படி வைத்திருக்கிறேன். அது டேட்டா ரிஃப்ரெஷ் ஆகும்போதுதான் சரிபார்க்கும், நொடிக்கு நொடி எதிர்பார்க்கக் கூடாது.

குறைகள்? டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே ஓடும். அது இலவசம், ஆனால் அடுத்தவருடன் பகிர்வதென்றால் சாதாரணமாகப் பார்க்கிறவருக்கும் ப்ரோ என்ற கட்டண உரிமம் வேண்டும், சின்னக் குழுக்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. ப்ரோவில் திட்டமிட்ட ரிஃப்ரெஷ் நாளுக்கு 8 முறைதான். எங்களுக்கு அது போதும், நிமிடக் கணக்கில் மாறும் வேலைக்குப் போதாது. மொபைலுக்குத் தனியாக லேஅவுட் அமைக்க வேண்டும், அமைத்தால் அழகாக வரும்.

உங்கள் டேட்டா ஒரே ஷீட்டில் அடங்கும், பார்ப்பதும் ஒரே ஆள் என்றால் எக்செலில் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளே போதும், இதற்கு மாறாதீர்கள். நான்கைந்து இடத்திலிருந்து டேட்டா வருகிறது, பத்துப் பேர் தினமும் பார்க்கிறார்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

போன வாரம் ஆறாவதாக ஒரு படம் கேட்டார்கள், மறுபடி திறக்கப்பட்ட புகார்கள். சேர்க்கப்போகிறேன். பதிலுக்கு எதை எடுப்பது என்று கூட்டத்திலேயே கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை பதில் வரும்.