ஸ்டடி டே சந்தா: கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு

வடிவமைப்பு வரலாறு பற்றி மாதாமாதம் நடக்கிற ஸ்டடி டேக்கு ஆண்டுச் சந்தாவைக் குறைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து, கட்டலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். “எக்கா, நீங்க வருசக்கணக்கா போறீங்கல்லா, இவளுக்குத் துட்டு கட்டலாமா?” என்றாள். நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஸ்டடி டே என்றால் காலையில் அரங்கில் உரை, மதியத்துக்கு மேல் அது சம்பந்தமான ஏதாவது ஓர் இடத்தைப் பார்க்கப் பஸ். இதுதான் ஏற்பாடு.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை உரை ஒருநாளும் நேரத்துக்கு முடிவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டுகிறார்கள். அறிமுகம், பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. இதற்கெல்லாம் போகிற நேரம் அத்தனையும் மதியத்துக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய மர அரண்மனையான பத்மநாபபுரம் அரண்மனையை மதியம் 1 மணிக்குப் பூட்டி 2 மணிக்குத் திறப்பார்கள், மாலை 4.30க்கு மூடிவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் வில்லுக்குறி தாண்டி, தக்கலை நெரிசலில் ஊர்ந்து நாங்கள் போய்ச் சேரும்போது மூன்றரை ஆகியிருக்கும். அப்புறம் என்ன, ஓட்டம்தான். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த ஜன்னல் வழியாக வெளிச்சம் எப்படி விழுகிறது என்று நின்று பார்ப்பதற்குள் “நடங்க, நடங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும்.

அங்கே நிற்க நேரம் கிடைக்காவிட்டால் அந்த நாளே வீண் என்பேன். காரணம் இருக்கிறது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் தொண்ணூறு வகைப் பூ செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். திரையில் அது பளிச்சென்று தட்டையாகத் தெரிகிறது. நேரில் அப்படி இல்லை. அங்கே தாழ்வாரம் மிகத் தாழ்ந்து இறங்குகிறது. இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊரில் வேறு எப்படிக் கட்டுவார்கள்? அதனால் வெளிச்சம் மேலிருந்து வராது, பக்கவாட்டில் தாழ நுழைந்து கீழிருந்து ஏறும். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுகிறது, அந்த நிழலில்தான் உளியின் ஆழம் தெரிகிறது. உள்ளே நவராத்திரி மண்டபத்துக் கறுப்புத் தரையையும் பாருங்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அந்தத் தரை வாங்கித் தூண்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வெளிச்சத்துக்குத் தரையும் ஒரு கணக்கு. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் இந்த மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்? இது கண் பழக வேண்டிய விஷயம். வெயிலிலிருந்து உள்ளே வந்தவருக்கு இருட்டு விலகவே சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்தைத்தான் நமக்குத் தர மாட்டேன் என்கிறார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். உரைகள் மோசமில்லை. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சியைப் பற்றி ஒரு நாள் பேசினார்கள். திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்த அரியணை அங்கே வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கண்காட்சியை ஒட்டிப் பிறந்த அருங்காட்சியகம்தான் 1899இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று பெயர் பெற்றது. வடிவமைப்பு வரலாறு என்றால் ஐரோப்பாவின் கதை என்று நினைத்திருந்த பலர் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைய திருவிதாங்கூருக்குள்தானே நம் ஊரும் இருந்தது?

ஆனால் இத்தனை வருடத்தில் என் மனதில் நிற்கிற நாள் லேஸ் பற்றிய நாள். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியோடு லேஸ் பின்னலும் தொடங்கிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு என்று கேட்டபோது அரங்கில் சத்தமே இல்லை.

அன்றைக்கு முளகுமூடு பக்கமிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். லேஸ் பின்னுகிற தன் திண்டையும், நூல் சுற்றிய கட்டைகளான பாபின்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பேசியவர் பெரிய மனது பண்ணி மைக்கை வைத்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னார். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். ஜோடி ஜோடியாக நூலை மாற்றிப் போடுவது, முறுக்குவது. அடிப்படை அசைவு இந்த இரண்டுதான். அதிலிருந்து இலை வருகிறது, பூ வருகிறது, வலை வருகிறது. நூலுக்கு அடியில் ஊசியால் குத்திய ஓர் அட்டை, குண்டூசிகள் நிற்கிற இடமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடல் தாண்டிய வடிவம் இங்கே வேரூன்றியது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கியது. அட்டை ஒன்று வந்தால் போதும், வடிவமும் வந்துவிடும். அதன் பிறகு அதை எப்படிப் போடுவது, எங்கே இறுக்குவது என்பது இங்குள்ள கைகளின் முடிவு. அன்று மதியம் பஸ் கிளம்பவே இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

அந்த ஒரு நாளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற நாட்கள்மேல் என் கோபம் கூடியது. பொருளை மேசையில் வைத்தால் என்ன நடக்கும் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். மயிலாடியில் கல் அடிக்கிறார்கள். வடசேரியில் கெம்புக்கல் பதித்துக் கோயில் நகை செய்கிறார்கள். கூப்பிட்டால் வர மாட்டார்களா? ஆனாலும் அடுத்த மாதமே மறுபடி விளக்கை அணைத்தார்கள், ஸ்லைடு ஓடியது. சுசீந்திரம் நாளில் பேச்சு நீண்டுபோய், உச்சிநேர நடை சாத்திய பிறகு கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். இதைப் பலமுறை எழுதிக் கொடுத்தும் ஆயிற்று.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொன்னது: ஆண்டுச் சந்தா வேண்டாம், குறைத்த விலைக்கும் வேண்டாம். அறிவிப்பில் கைவினைஞர் யாராவது வருவதாகப் போட்டிருந்தால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டு, லீவு போட்டாவது மகளோடு போ. அரண்மனைக்கு நீங்களே தக்கலை பஸ் ஏறி, காலை 9 மணிக்குத் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். பூமுகத்திலேயே அரை மணி நேரம் நிற்கட்டும், நோட்டு கொண்டுபோய் வரையட்டும். திங்கள்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.